மெட்காஃப் கிடாருக்கு மயில்நீலம்

உக்காருங்க சார். அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. குழலி, சாருக்குக் காபி போடு. பொண்ணு ரிசப்ஷன் எந்த மண்டபம்னு சொன்னீங்க? உறையூரா, சரி. ஆறரைக்கு ஆரம்பிச்சா பத்து வரைக்கும் தாராளமா வாசிப்போம். மாப்பிள்ளைக்கு ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கிட்டு எவனாவது ஒருத்தன் நானும் பாடுவேன்னு மேடை ஏறுவான். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கந்தான். பாட விட்டுருவோம், கீபோர்டு சவுண்டை மட்டும் கொஞ்சம் கூட்டி வச்சுருவோம்.

என்ன சார், அங்கயே பாக்குறீங்க? கிடாரா? பாக்காம இருக்க முடியாது, கலர் அப்படி. மயில்நீலம். அதுமேல மஞ்சள்ல "கோதண்டம் இன்னிசைக் குழு, பாலக்கரை, திருச்சி - 8". செல் நம்பரும் எழுதச் சொன்னேன், எடம் பத்தலைன்னு சொல்லிட்டாங்க. அந்த மட்டும் தப்பிச்சுது.

புதுசா வாங்கினதான்னா கேக்குறீங்க? ஐயோ சார். நல்லாக் கேட்டீங்க போங்க. இல்ல இல்ல, உங்க மேல ஒரு தப்பும் இல்ல, பாத்தா அப்படித்தான் தெரியும். எனக்கு இப்ப அறுபத்தாறு. அந்தக் கிடாருக்கு என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கம்மி. அது புதுசு மாதிரி இருக்கு பாருங்க, அதுக்குக் காரணம் உங்க முன்னாடி உக்காந்திருக்கிற இந்த அறிவாளிதான்.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? பாட்டு லிஸ்ட்டை அப்புறம் பாத்துக்கலாம். கேளுங்க.

ராய் மெட்காஃப்னு ஒருத்தரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, நம்ம ஊர்ல யாரும் கேள்விப்பட்டதில்ல, அதானே என் தலையெழுத்து. லண்டன்ல ராக் மியூசிக்குல பெரிய ஆளு. அவரு மேடையில ஏறி ஒரு கம்பியைத் தட்டினாப் போதும், பொண்ணுங்க மயங்கி விழுமாம். அவ்வளவு பேரும் புகழும் இருக்கிற மனுஷன் எழுபத்தி நாலுல எல்லாத்தையும் விட்டுட்டுக் கொடைக்கானல் வந்து, ஒரு பங்களா வாடகைக்கு எடுத்துக்கிட்டு, கச்சேரின்னு எங்கயும் போகாம அஞ்சு மாசம் உக்காந்திருந்தாரு. ஏன்னு அப்ப யாருக்கும் தெரியாது. போகும்போது சமையக்காரர் சவரிமுத்துகிட்ட இந்தக் கிடாரைக் கொடுத்து, "வச்சிரு, வந்து வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுப் போனாரு. வரவே இல்ல.

நான் எழுபத்தொம்பதுல கோடை விழாவுக்கு ஒரு குழுவோட வாசிக்கப் போனேன். எனக்கு இருபது வயசு. சவரிமுத்து வீட்ல இது ஒரு மூலையில, உருளைக்கெழங்கு மூட்டைக்குப் பின்னாடி நின்னுச்சு. பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என் கைக்கடிகாரத்தையும் எங்கப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளையும் கொடுத்து இதை வாங்கிட்டு வந்தேன். சைக்கிள் திருச்சியில இருந்துச்சு, அதை லாரியில ஏத்திக் கொடைக்கானல் அனுப்பினேன். அந்த மலையில எவன் சைக்கிள் ஓட்டுவான்னு அவரும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

வாங்கினதோட நான் வாயை மூடிக்கிட்டு வாசிச்சிருக்கணும். செஞ்சேனா? எந்த மேடை ஏறினாலும் முதல் வேலையா மைக்கைப் பிடிச்சு, "இங்கிலாந்து புகழ் ராய் மெட்காஃப் அவர்கள் வாசித்த கிடாரில்..."னு ஆரம்பிச்சுருவேன். ஒருத்தன் நம்பணுமே. துவரங்குறிச்சியில ஒரு திருவிழா, கூட்டத்துலேர்ந்து ஒருத்தன் கத்துறான், "அப்ப அந்த தபேலா யாரோடதுய்யா, அமெரிக்க ஜனாதிபதியோடதா?" ஊரே சிரிச்சுது. எங்க தபேலாக்காரனே சிரிச்சான் சார். அன்னிலேர்ந்து குழுவுல எனக்குப் பேரு லண்டன் கோதண்டம்.

பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இதைச் சொன்னேன். மாமனாரு, மாப்பிள்ளை லண்டன்ல ஏதோ வேலையா இருந்தவருன்னு நெனச்சுத் தலையாட்டிட்டாரோ என்னவோ. குழலி மட்டும் நம்பல. முப்பத்தெட்டு வருஷமா நம்பல. இந்த வீட்ல பொய்க்குப் பேரே மெட்காஃப்தான். "கேஸ் புக் பண்ணிட்டேன்"னு சொல்லுவேன். "நெஜமாவா, இல்ல மெட்காஃப் மாதிரியா?"ன்னு கேப்பா. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ்ல டீச்சர்கிட்ட, "மிஸ், இவ மெட்காஃப் சொல்றா"ன்னு சொல்லி, டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அது என்ன கெட்ட வார்த்தையான்னு கேட்டாங்க.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா சார், ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லி, அதை ஊரே ஒரு மாதிரி பல்லு தெரியாம சிரிச்சுக்கிட்டுக் கேட்டா எப்படி இருக்கும்? "சரிங்க, சரிங்க"ன்னு ஒரு சிரிப்பு இருக்கு பாருங்க. அந்தச் சிரிப்பை நான் நாப்பத்தாறு வருஷமாப் பாத்துட்டேன். திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம், இது தாங்க முடியாது.

நிரூபிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. இருந்துச்சு. பின்னாடி ஒரு தகடு, அதுல கம்பெனிக்காரன் அடிச்ச நம்பர். துருப்பிடிச்சிருக்கேன்னு தொண்ணூத்தி ரெண்டுல அதைக் கழட்டிக் காயலான் கடையில போட்டுட்டு, பொன்மலையில ஒரு லேத்துக்காரர்கிட்ட சொல்லி எவர்சில்வர்ல அடிச்சு மாட்டினேன். பளபளன்னு இருந்துச்சு. முறுக்குற சாவி ஆறையும் மாத்தினேன். பழசு கறுத்துப் போயிருந்துச்சு. இப்படி ஒவ்வொண்ணா நானே என் கையால... சரி விடுங்க, அதெல்லாம் சின்னக் கூத்து. பெருசு இனிமேதான் வருது.

அந்தக் கிடார் வாங்கினப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? தேன் கலரு, அங்கங்க சாயம் போய் உள்ள மரம் தெரியும். பெல்ட் பக்கிள் உரசின கோடு, சிகரெட் சுட்ட கருப்பு. அதையெல்லாம் விடுங்க. முன்பக்கம் மேல, வலதுகை படுற எடத்துல ஒரு கிறுக்கல். ஆணியால ஆழமாக் கீறினது. ஒரு வட்டம், முழுசா மூடாது. அதுக்கு ஒரு பக்கம் ஆறு கோடு, இன்னொரு பக்கம் ரெண்டே ரெண்டு. கீழ ஒரு ஆடு. ஆட்டுக்கு அஞ்சு கால்.

எனக்கு அது அப்படி ஒரு அவமானம் சார். கொடைக்கானல்ல என்னத்தையோ புகைச்சுட்டு போதையில கீறியிருக்காரு மனுஷன்னு நெனச்சுக்கிட்டேன். கல்யாண மேடை, கோயில் மேடைன்னு ஏறுற தொழில். முன்வரிசையில குழந்தைங்க உக்காந்து, "அம்மா, அஞ்சு கால் ஆடு"ன்னு கையைக் காட்டும். அதனால நான் கச்சேரிக்குக் கச்சேரி அதுமேல டேப் ஒட்டிருவேன். வேர்வையில டேப் பிய்ஞ்சு வரும், மறுபடி ஒட்டுவேன். நாப்பத்தாறு வருஷம் டேப்பு ஒட்டியே விரல் தேஞ்சுது.

காபி எடுத்துக்குங்க. சர்க்கரை போதுமா? குழலி, சாருக்கு இன்னும் ஒரு ஸ்பூன்.

போன புரட்டாசியில, எங்க கீபோர்டு பெஞ்சமின் ஓடியாறான். பெஞ்சமின் பகல்ல இங்கிலீஷ் வாத்தியாரு, எங்க கச்சேரி வீடியோவையெல்லாம் நெட்டுல போடுறது அவன்தான். "அண்ணே, லண்டன்லேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேரு ஹேசல் மெட்காஃப். வீடியோவுல இருக்கிறது எங்கப்பாவோட கிடார் மாதிரி தெரியுது, நான் இந்தியா வர்றேன், நேர்ல ஒரு தடவை பாக்கலாமான்னு கேக்குறாங்க."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மெட்காஃப்போட சொந்த மக! அவங்க வாயால ஒரு வார்த்தை, "ஆமா, இது எங்கப்பாவோடது"ன்னு சொல்லிட்டாப் போதும். துவரங்குறிச்சிக்காரன், தபேலாக்காரன், இந்த வீட்டம்மா, எல்லார் வாயும் அடைஞ்சுரும். நான் பெஞ்சமின்கிட்ட சொன்னேன், "வரச் சொல்லு. ஆயுத பூஜை முடிஞ்ச மறுவாரம் வரச் சொல்லு, அதுக்குள்ள எல்லாம் ரெடி பண்ணிடறேன்."

ரெடி பண்றது. கேட்டீங்களா? என்னத்தை ரெடி பண்ணணும்? அது பாட்டுக்கு உறையில இருந்திருந்தா ரெடிதான். ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கே. ஆயுத பூஜைன்னா வண்டியைக் கழுவுவோம், மிஷினுக்குப் பெயிண்ட் அடிப்போம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் புதுத் துணி ஒட்டுவோம். வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னா செவுத்துக்கு வெள்ளையடிப்போம். பொண்ணு பாக்க வர்றப்பப் பொண்ணை அழுக்குச் சேலையோடயா நிறுத்துவோம்? அப்பாவோட பொருளைப் பாக்க அத்தனை தூரம் பறந்து வர்ற மகளுக்கு, சாயம் போன கட்டையவா காட்டுறது? நம்ம ஊர்ல ஒரு பொருளை எப்படி வச்சிருந்தோம்னு அவங்க நெனைக்க வேணாம்?

இங்க பக்கத்துலதான் சிராஜ் பாய் பட்டறை. காருக்கு டிங்கரிங், பெயிண்டிங். கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அண்ணே, இது இப்படியே இருந்தாத்தான் நல்லா இருக்கும்போல"ன்னு சொன்னாரு. கவனிச்சீங்களா? கார் பெயிண்டருக்குத் தெரிஞ்சுது. நான் சொன்னேன், "உனக்கு மியூசிக் தெரியாது சிராஜ், நீ அடி."

அந்த அஞ்சு கால் ஆட்டைப் பாத்துட்டு, "இது ஆழமா இருக்கு, பட்டி வச்சு அடைச்சுட்டு மேல அடிச்சுருவோம்"னாரு. நான் விட்டேனா? "பட்டி வெயில்ல வெடிச்சா மறுபடி தெரியும். தேய்ச்சு எடுத்துரு. அடையாளமே இருக்கக் கூடாது." அவரு, "மரம் மெலிஞ்சுருமே"ன்னு இழுத்தாரு. நான் உப்புத்தாளை அவரு கையிலேர்ந்து வாங்கி, ஸ்டூலைப் போட்டு உக்காந்து நானே தேய்ச்சேன் சார். அரைமணி நேரம். வட்டம் போச்சு, கோடு போச்சு, ஆட்டுக்கு அஞ்சு காலும் ஒண்ணொண்ணாப் போச்சு. மேல ஊதிட்டுக் கையால தடவிப் பாத்தேன், வழுவழுன்னு இருந்துச்சு. ஒரு சந்தோஷம் பாருங்க! டேப்புக்கு இனிமே வேலையில்லைன்னு.

கலரும் நாந்தான் சொன்னேன். மயில்நீலம் ஒரு மினிபஸ்ஸுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு. ஆயுத பூஜையன்னிக்கு சந்தனம் குங்குமம் வச்சு நடுக்கூடத்துல நிறுத்தினப்ப, தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க. குழலி மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு, "பஸ்ஸு மாதிரி இருக்கு"ன்னா. பொறாமைன்னு நெனச்சேன்.

அந்தம்மா காலைல பதினோரு மணிக்கு வந்தாங்க. ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தாறு வயசு இருக்கும். நரைச்ச முடி, காட்டன் சுடிதார், கையில ஒரு துணிப்பை. அவ்வளவு பெரிய ஆளோட மக, இவ்வளவு சாதாரணமா இருக்காங்களேன்னு இருந்துச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே சேர்லதான் உக்காந்தாங்க. பெஞ்சமின் பக்கத்துல, மொழிபெயர்க்க. குழலி சமையக்கட்டு வாசல்ல. நான் கிடாரை என் கல்யாண அங்கவஸ்திரத்தால மூடி எடுத்துட்டு வந்தேன். மடியில வச்சு, இப்படி ஒரு இழுப்பு இழுத்தேன்.

சார், அவங்க முகம் மாறல. அதுலயே ரொம்ப நாகரிகமானவங்கன்னு தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் பாத்தாங்க. வலதுகை படுற எடத்தையே பாத்தாங்க. அப்புறம் பையிலேர்ந்து ஒரு போட்டோ எடுத்தாங்க. கருப்பு வெள்ளை. நாலு வயசுக் குழந்தை தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, மடியில தன்னைவிடப் பெரிய கிடாரு, கையில ஆணி. கேமராவைப் பாத்து என்னமா சிரிக்குது! கிடாரு மேல ஏதோ கீறல். போட்டோவுல மங்கலாத்தான் இருந்துச்சு. எனக்கு மங்கலா இல்ல.

"ஐயோ சாமி"ன்னு எழுந்திரிச்சேன். ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுக் கொல்லைப்பக்கம் போய் சிராஜுக்குப் போன் போட்டேன். "சிராஜ், அந்தப் பெயிண்டைச் சொரண்டினா கீழ ஆடு இருக்குமா?" "பெயிண்டை எடுத்துரலாம்ணே. நீங்க தேய்ச்ச மரத்தை எங்க போய் எடுக்கறது?" அப்படின்னாரு. பாவம், நல்ல மனுஷன், அன்னிக்கு நான் சொல்லலையான்னு ஒரு வார்த்தை கேக்கல.

திரும்பி வந்தா, அந்தம்மா கையைக் கூப்பிக்கிட்டு எழுந்து நிக்கிறாங்க. பெஞ்சமின் சொல்றான், "அண்ணே, இது அவங்கப்பாவோடது இல்லையாம். வீடியோவுல பாத்து ஏமாந்துட்டேன்னு சொல்றாங்க. உங்க கிடாரு ரொம்ப அழகா இருக்காம். வேற எங்கயாவது இருக்கும், இன்னும் தேடுவேன்னு சொல்றாங்க."

எதுக்கு இவ்வளவு தேடுறாங்கன்னு கேளுன்னேன். கேட்டான். அவங்க நின்னுக்கிட்டே கொஞ்சமாச் சொன்னாங்க. அந்தப் போட்டோ எடுத்தது அவங்கம்மாவாம். அன்னிக்கு சாயங்காலம் அப்பா வந்து கிடாரைப் பாத்துட்டு வீடு அதிரக் கத்தினாராம். அதே வாரம் வீட்டை விட்டுப் போயிட்டாராம். அதுக்கு வேற ஆயிரம் காரணம், புருஷன் பொண்டாட்டி சண்டை. ஆனா நாலு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும்? நாம கிறுக்கினதாலதான் அப்பா போயிட்டாருன்னு நெனச்சிருக்கு. அவரு கொடைக்கானல் வந்து, ஊர் திரும்பி, மறுவருஷமே ஒரு கார் விபத்துல போயிட்டாரு. மகளை அப்புறம் பாக்கவே இல்ல. "எனக்கு அந்தக் கிடார் வேணாம்"னு சொன்னாங்களாம். "அந்தக் கிறுக்கலை அவரு தேய்ச்சு சரி பண்ணிட்டாரா, இல்ல அப்படியே விட்டு வச்சிருந்தாரா, அது மட்டும் எனக்குத் தெரியணும். விட்டு வச்சிருந்தா என் மேல கோபம் இல்லைன்னு வச்சுக்குவேன்."

உங்களுக்கும் பொண்ணுதான, சார்? உங்களுக்குப் புரியும்.

அப்ப நான் சும்மா இருந்திருக்கலாம். இது வேற கிடாரு, உங்கப்பாவோடது வேற எங்கயோ பத்திரமா இருக்குன்னு அவங்க நம்பிக்கிட்டுப் போயிருப்பாங்க. இல்லையா, தனியா உக்கார வச்சு, பக்குவமா, நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செஞ்சேன்? "இதுதான் அந்தக் கிடாரு"ன்னேன். பெஞ்சமின் என் கையைத் தட்டினான், "அண்ணே, சும்மா இருங்க." அவன் மொழிபெயர்க்காமலே அந்தம்மாவுக்குப் புரிஞ்சுருச்சு. என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க.

அதே சிரிப்பு சார். "சரிங்க, சரிங்க." லண்டன்லேர்ந்து விமானம் ஏறி வந்து, மெட்காஃப்போட சொந்த மக, அதே சிரிப்பு. வாசல்ல குழலி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

எனக்கு எங்கேர்ந்துதான் அப்படி ஒரு வெறி வந்துச்சோ. காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சேன், பின்பக்கம் திருப்பினேன், பேனாவை எடுத்தேன். போட்டோவைப் பாக்கவே இல்ல. வட்டம், மூடாத வட்டம், எந்த எடத்துல மூடாதோ அந்த எடத்துல விட்டேன். இந்தப் பக்கம் ஆறு கோடு, நாலாவது கோடு நடுவுல ஒடைஞ்சிருக்கும், ஒடைச்சேன். அந்தப் பக்கம் ரெண்டு. ஆடு. அஞ்சு கால், மூணாவது கால் கொஞ்சம் கட்டை. நாப்பத்தாறு வருஷம் டேப்பு ஒட்டினவனுக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்.

தாளை அவங்க கையில கொடுத்தேன். போட்டோவுல அந்தக் காலைக் குழந்தையோட கை மறைச்சிருந்துச்சு சார், ஆட்டுல பாதி தெரியாது. கீறின ஆளுக்கும் அதைத் தொட்ட ஆளுக்கும்தான் தெரியும். அவங்க தாளைப் பாத்தாங்க, அப்படியே அந்தச் சேர்ல உக்காந்துட்டாங்க. என்னமோ சொன்னாங்க. பெஞ்சமின் தொண்டையைச் செருமிக்கிட்டு, "அண்ணே, அது ஆடு இல்லையாம். அவங்க வீட்டு நாயாம். அஞ்சாவது கால்னு நாம சொல்றது வாலாம்."

நம்பிட்டாங்க! எனக்கு வேற எதுவும் மண்டையில ஏறல. நம்பிட்டாங்க! குழலியைத் திரும்பிப் பாத்தேன், எப்படின்னு புருவத்தைத் தூக்கினேன். இப்ப சொல்லும்போது எனக்கே என் மூஞ்சியில துப்பலாம்போல இருக்கு. எதிர்ல ஒரு பொம்பளை அழுதுக்கிட்டிருக்கு, நான் ஜெயிச்சுட்டேன்னு நிக்கிறேன்.

அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. நீங்க வாங்கினப்ப இது இருந்துச்சா? இருந்துச்சு. அப்பா எதையும் பூசி மறைக்கலையா? இல்லம்மா, அப்படியே இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டேதான் கொடைக்கானல்ல அஞ்சு மாசமும் வாசிச்சாரா? ஆமாம்மா, சவரிமுத்து சொல்லியிருக்காரு, தெனமும் வாசிப்பாராம். அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. சிரிச்சாங்க சார். இந்தத் தடவை நெஜமான சிரிப்பு, அந்தப் போட்டோவுல இருந்த குழந்தை சிரிச்ச மாதிரியே.

அப்புறம் கண்ணைத் திறந்து கிடாரைப் பாத்தாங்க. அந்த நீலத்துல, அந்த எடத்துல உள்ளங்கையை வச்சாங்க. வச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டாங்க. ரெண்டே ரெண்டு வார்த்தை. பெஞ்சமின் அதை மொழிபெயர்க்கல, காலண்டரைப் பாத்துக்கிட்டு நின்னான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா புரிஞ்சுது. யாரு தேய்ச்சது?

கையைத் தூக்கினேன். கிளாஸ்ல தப்புப் பண்ணின பையன் மாதிரி. ஏன்னு கேட்டாங்க. "நீங்க வர்றீங்கன்னுதாம்மா"ன்னு சொன்னேன்.

அதைப் பெஞ்சமின் சொன்னானா, எப்படிச் சொன்னான், தெரியல. அவங்க கோபப்படல. என் தோள்ல ஒரு தட்டு தட்டினாங்க, அந்தத் தாளை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாங்க. கிடாரை நீங்களே எடுத்துக்குங்கன்னு நீட்டினேன், வேணாம்னு தலையாட்டிட்டாங்க. டாக்ஸி ஏறிப் போயிட்டாங்க.

நீங்க வர்றீங்கன்னு சொன்னேன் பாருங்க, அது பாதிதான் நெஜம் சார். அவங்க வராட்டாலும் ஒருநாள் தேய்ச்சிருப்பேன். அவ்வளவு பெரிய மனுஷன், எத்தனாயிரம் பேருக்கு முன்னாடி நின்னு வாசிச்சவரு, கோபத்துல வீட்டை விட்டு வந்தவரு, அவருக்கே அந்த நாயை மறைக்கணும்னு தோணல. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாசிக்கிற எனக்குத்தான் கௌரவக் குறைச்சலாப் போச்சு. மயில்நீலம் அடிச்சது முட்டாள்தனம், அதைச் சொல்லி நானே சிரிப்பேன், ஊரைக் கூட்டிக்கூடச் சிரிப்பேன். அந்தம்மா கிளம்பி நிக்கிறப்பப் பேனாவை எடுத்தேன் பாருங்க, அதுக்கு எனக்குச் சிரிப்பு வரல. அது யாரு நல்லதுக்குன்னு எனக்குத் தெரியும்.

அவங்க போனப்புறம் இந்தக் கூடத்துல நான் மட்டும் உக்காந்திருந்தேன். குழலி வந்து அந்தம்மா குடிச்ச டம்ளரை எடுத்தா. எடுத்துட்டு நின்னா. "நீங்க இத்தனை வருஷம் சொன்னது அத்தனையும் நெஜம்தான். நாந்தான் நம்பல"ன்னா.

முப்பத்தெட்டு வருஷம் சார். இந்த ஒரு வார்த்தைக்கு.

சமையக்கட்டு வரைக்கும் போயிட்டு, திரும்பாமலே சொன்னா, "பொய்யாவே இருந்திருக்கக் கூடாதாங்க?"

நானும் அப்ப அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.